பட்டாளத்துக் குவளை

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு மட்டும் தனி டம்ளர். அவருக்கு வியாதி எதுவும் இல்லை. தண்ணீரை வாய் வைத்துக் குடிப்பார், அவ்வளவுதான். மற்ற எல்லோரும் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற வீட்டில் அது பெரிய விஷயம். பெரியம்மா அந்த டம்ளரின் அடியில் ஆணியால் கோடு கீறி அடையாளம் வைத்திருந்தாள். விருந்தாளி யாராவது தெரியாமல் அதை எடுத்துவிட்டால், எங்கிருந்தாலும் ஓடிவந்து வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பாள். கேட்டால் பட்டாளத்தில் கெட்டுப்போன பழக்கம் என்பாள். பெரியப்பா பக்கத்தில் இருந்தால் கோபம் வந்துவிடும். அது கெட்ட பழக்கம் இல்லை, பட்டாலியனின் உத்தரவு என்பார். அதற்குப் பிறகு நாங்கள் தப்பிக்க முடியாது. மெசபடோமியாவில் புறப்பட்டு பர்மா வழியாக எங்கள் கூடத்துக்கு வந்துசேரும் அந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பெரியப்பா காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருடம் கழித்துத்தான் அவர் பிறந்தார். ஆனால் பேச்சில் இரண்டு போரிலும் இருந்தார். "நாங்க பாலைவனத்துல மாட்டிக்கிட்டப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த 'நாங்க'வில் அவருடைய தாத்தாவின் வயதுடையவர்கள் இருந்தார்கள்.

முதல் போரில் மெசபடோமியாவில் அவருடைய பட்டாலியனின் ஒரு கம்பெனி, பின்னால் வந்த தண்ணீர் வண்டிகளை இழந்துவிட்டு ஒரு மணல்மேட்டில் தனியாக மாட்டிக்கொண்டது. சுற்றிலும் துருக்கியர்கள். கம்பெனியின் சுபேதாரிடம் ஒரு தோல்பையில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஊற்றிக் கொடுக்க ஒரே ஒரு எனாமல் குவளை. அவர் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார். கடைசியாகப் பட்டாளத்தில் சேர்ந்த பையனுக்கு முதல் வாய், தனக்குக் கடைசி வாய். யாரும் அண்ணாந்து குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அண்ணாந்தால் தாடையில் வழியும், காற்று அடித்தால் சிதறும். குவளையில் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும், ஒரு சொட்டும் மணலுக்குப் போகக் கூடாது. வரிசையில் பல சாதிக்காரர்கள் இருந்தார்கள். முதல் நாள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அடுத்த நாள் யாரும் திருப்பவில்லை. மீட்க ஆள் வந்து சேர்ந்தபோது கம்பெனியில் பெரும்பாலோர் இருந்தார்கள், சுபேதார் இல்லை. கடைசி வாய் என்பது வெறும் குவளையாக அவரிடம் வந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இந்த இடத்தில் பெரியப்பா எப்போதும் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிப்பார். எங்களுக்கும் அப்போது எழுந்துபோகத் தோன்றாது.

அந்தப் போர் முடிந்து சில வருடங்களில் பட்டாலியனைக் கலைத்துவிட்டார்கள். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரன் கண்டுபிடித்தானாம். இதைச் சொல்லும்போது பெரியப்பா எங்கள் யாரையாவது முறைப்பார், நாங்கள்தான் கண்டுபிடித்ததுபோல. கலைத்த அன்று, முதல் வாய் குடித்த பையனிடமே குவளையைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அவர் மொரப்பூர்ப் பக்கத்துக்காரர். குவளை பல வருடம் அந்த வீட்டில் கிடந்தது. இரண்டாவது போர் வந்ததும் அதே வெள்ளைக்காரனுக்குத் தென்னாட்டுக்காரன் மறுபடியும் தேவைப்பட்டான். பட்டாலியனைத் திரும்ப எழுப்பினார்கள். குவளைக்காரரின் மகன் சேர்ந்தார், பெட்டியில் அதை வைத்துக்கொண்டு ரயிலேறினார். பர்மாக் காடுகளில் கோடையிலேயே மழை நிற்காமல் கொட்டியது. திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர். ஆனாலும் வருடத்தில், மணல்மேட்டுச் சுபேதார் இறந்த அந்த ஒரு நாள் வந்ததும் பதுங்குகுழிக்குள் மழைத்தண்ணீரைப் பிடித்து, கடைசியாகச் சேர்ந்தவன் முதலாகக் குவளையைச் சுற்றி வரவிட்டார்கள்.

சுற்றிலும் மழை பெய்யும்போது ஒரே குவளையில் எதற்குக் குடிக்க வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தண்ணி இல்லாதப்ப வாய் வெச்சுக் குடிக்கறது பெரிசு இல்ல பாப்பா. இருக்கறப்பக் குடிக்கணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவருக்கே முழுக்க விளங்கியிருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போருக்குப் பிறகு பட்டாலியன் அதே அளவில் வெள்ளியில் ஒரு குவளை செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது. எனாமல் குவளையை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் ஓய்வு பெற்று ஊர் வந்த பிறகும் அந்த நாளை விடவில்லை. பங்குனியில் வெயில் ஏறும் சமயத்தில், வருடத்துக்கு ஒருவர் வீட்டில் கூடுவார்கள். தண்ணி நாள் என்று பெயர். அந்த வீட்டுத் தண்ணீரை எடுத்துக் குவளையில் ஊற்றி, இருப்பவர்களில் பெரிய ரேங்க் உள்ளவர் தன் கையால் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். பிறகு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வாய். அதற்கப்புறம்தான் சாப்பாடு.

இதில் பெரியப்பாவுக்கு இருந்த சிக்கலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாங்கள் நிலபுலம் உள்ள குடியானவர்கள். குவளையை வைத்திருந்தவர், அதாவது முதல் வாய் குடித்த பையனின் பேரன், அந்தக் கூட்டத்திலேயே பெரிய ரேங்க்காக, சுபேதாராக ஓய்வு பெற்றவர். மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தார். பெரியப்பா பட்டாளத்தில் இருந்தபோது அவர் சொன்னால் ஓடினார், நில் என்றால் நின்றார், அவர் கையால் எத்தனையோ வருடம் தண்ணீர் குடித்தார். ஊரில் சந்தையில் எதிரே வந்தால் மட்டும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சுபேதார் ஒதுங்கி நின்று "வாங்க" என்பார். பெரியப்பா முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, உதட்டுக்குள்ளேயே "நல்லா இருக்கீங்களா சாப்" என்று கேட்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு அன்று தொண்டை சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மற்றவர்கள் வீடுகளுக்கெல்லாம் பெரியப்பா தவறாமல் போய்வந்தார். தன் முறை வரும்போது மட்டும் எருமை கன்று போட்டது, அல்லது ஓடு மாற்ற வேண்டியிருந்தது, அல்லது எங்களில் யாருக்காவது அம்மை போட்டது. எனக்கு அம்மை போட்டதாக ஒரு வருடம் சொல்லியிருக்கிறார். நான் அன்று பள்ளிக்கூடத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தேன். கடைசியில் யாரோ ஒருவர், ஹவில்தார் வீட்டுக்கு மட்டும் இன்னும் ரோடு போடவில்லையா என்று கேட்டுவிட்டார். பெரியப்பா ரோஷக்காரர். இந்த வருஷம் என் வூட்டுலதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டு வந்தார்.

வீட்டில் சொன்னபோது பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "தண்ணி யாரு குடுப்பாங்க?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அக்காவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். மாப்பிள்ளை பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், அரசாங்க வேலை, எங்கள் சாதியிலேயே வசதியான குடும்பம். வெற்றிலை பாக்கு மாற்றி, வைகாசியில் நாளும் குறித்தாகிவிட்டது. அக்கா அந்தப் பையனின் போட்டோவைத் துணிமணிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் எனக்குப் புது ரிப்பன் வாங்கித் தந்தாள். மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாளில் பெரியப்பா வாய் சும்மா இராமல் மெசபடோமியாவை ஆரம்பித்துவிட்டார். சம்பந்தி நல்ல ரசிகர். பாலைவனத்தில் தலையாட்டினார், பர்மாவில் உச்சுக்கொட்டினார். அப்படிப்பட்ட ஆட்களையெல்லாம் தானும் பார்க்க வேண்டும், தண்ணி நாளுக்கு வருகிறேன் என்றார். பாலைவனத்து வரிசையில் பல சாதி என்பதைப் பெரியப்பா அவரிடம் சொல்லாமல் தாண்டியிருந்தார். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

வழி கண்டுபிடித்தது அப்பாதான். பாட்டில் தண்ணீர் வாங்கிவிடலாம், ஆளுக்கு ஒன்று, மூடி திறக்காதது. கேட்டால் நம் ஊர்த் தண்ணீரில் புளோரைடு, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் பக்கம் குழாயில் வருவதற்கு முந்தைய காலம் அது. வரப்போகிறவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து அதே தண்ணீரைக் குடித்துப் பல் காவியேறிப் போனவர்கள்தான். ஆனாலும் யோசனை நன்றாக இருந்தது. யார் கையிலிருந்தும் யாரும் வாங்க வேண்டாம். யாரையும் கூடாது என்று சொல்லவும் வேண்டாம். பெரியப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, வாங்கிடு என்றார்.

எனக்கும் யோசனை பிடித்திருந்தது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அசுத்தமான பாத்திரத்தாலும் தண்ணீராலும் என்னென்ன நோய் வரும் என்று பாடத்தில் படம் போட்டிருந்தார்கள். அதை நான் முழு நம்பிக்கையோடு படித்தவள்.

அன்று காலை வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். பின்னால் புளியமரத்தடியில் சமையல்காரர்கள் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பாட்டிலை நிறுத்துவது என் வேலை. வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி.

சுபேதார் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், நேரான முதுகு, கையில் ஒரு மஞ்சள் பை. அவர் சாமியானாவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். பெரியப்பாவும்தான். சம்பந்திக்கு அது பிடித்திருந்தது, சிரித்துக்கொண்டே பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, வந்தவர் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். பதில் வந்ததும் சிரிப்பு நின்றது.

பெரியப்பா சுபேதாரிடம் போய், "இந்த வருஷம் எல்லாருக்கும் பாட்டில் வாங்கிட்டமுங்க சாப். சுத்தமா இருக்கும்" என்றார். கதை சொல்லும்போது இருக்கிற குரல் இல்லை, சந்தையில் வரும் குரல்.

சுபேதார் பாட்டில்களின் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "சரி ஹவில்தார்" என்றார். மஞ்சள் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

யாரும் பாட்டிலைத் திறக்கவில்லை. வெயில் சாமியானாவைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணி நாளில் எல்லோரும் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருடம் கதையில் கேட்ட குவளை அந்தப் பைக்குள் இருக்கிறது, அதை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா குழம்புக்குக் காரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பழசு. அழுக்கா இருக்கும். உடம்புக்கு ஆவாது, போய் வெளையாடு" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பிரச்சினை அழுக்கு என்றால் அதற்கு வழி எனக்குத் தெரியும். நேராகச் சுபேதாரிடம் போனேன். அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை, நானே தாத்தா என்றேன். "தாத்தா, அந்தக் குவளையக் குடுங்க, கழுவிக் கொண்டாரேன்."

"எதுக்கும்மா?"

"அழுக்கா இருக்குதுன்னுதான் யாரும் குடிக்க மாட்டேங்கறாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபேதார் குனிந்து பையை எடுத்து, துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் கையில் கொடுத்தார். "பாத்துத் தேய்யி. வயசானது" என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டு உலகப்போர் பார்த்த குவளை வெள்ளை எனாமலில் நீல விளிம்பு வைத்து, எங்கள் மாட்டுக்குத் தவிடு அள்ளுகிற குவளையைப்போலத்தான் இருந்தது. அங்கங்கே எனாமல் பெயர்ந்து கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். துவைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். வெள்ளை பளிச்சென்று வந்தது. கறுப்பு மட்டும் போகவில்லை. என் விரல்தான் எரிந்தது. சரி, இவ்வளவு போதும் என்று எழுந்து சமையலறைக்குப் போய், குடிதண்ணீர் அண்டாவின் மூடியைத் தள்ளிவிட்டு, குவளையை உள்ளே விட்டு நிறைய மொண்டேன்.

நிமிர்ந்தால் பெரியம்மா வாசற்படியில் நிற்கிறாள்.

"எதுல மொண்ட?"

"அண்டாவுலதான்."

அந்த அண்டாவில்தான் வீடு முழுக்கக் குடித்தது. அதில் சொம்பைத் தவிர வேறு எதையும் விட்டு மொள்ளக் கூடாது, அந்தச் சொம்பையும் வெளியாள் தொடக் கூடாது. பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, மூடியைத் திறந்துபோட்டதற்காக அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அண்டாவைச் சாய்த்துக் கொட்ட அவளுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவள் உள்ளே வந்து, அண்டாவையும் என் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்து அண்டாவை மூடினாள். "சிந்தாமப் போ" என்றாள்.

சிந்தாமல் போனேன். சுபேதார் எழுந்து என்னிடமிருந்து குவளையை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். எழுந்ததும் தாமாகவே வரிசை சேர்ந்தது. ஏரியூரிலிருந்து வந்திருந்த ஒரு லாரி டிரைவர்தான் கடைசியாகப் பட்டாலியனில் சேர்ந்தவர். அவர் முன்னால் வந்தார். சுபேதார் அவரைக் கையமர்த்திவிட்டு, தண்ணீர் கொண்டுவந்த ஆள்தான் இன்றைக்கு ஜூனியர் என்று சொல்லி, குவளையை என் வாயருகே பிடித்தார். நான் கதையில் கேட்டபடியே உதட்டை வைத்து ஒரு வாய் குடித்தேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்து, பின்னால் நகர்ந்து நின்றார்கள். ரேங்க்படி பெரியப்பா கடைசிக்கு முந்தியவர். அவர் முறை வந்தபோது, சம்பந்தி மெத்தை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பெரியப்பா நினைத்திருந்தால் குவளையைத் தூக்கி அண்ணாந்து ஊற்றியிருக்கலாம். அதை வைத்து வெளியில் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் குவளையை உயர்த்திய வேகத்தில் அப்படித்தான் செய்யப்போகிறார் என்று தோன்றியது. தாடை வரை போன கை நின்றது. அவர் வாய் வைத்துக் குடித்தார். குடித்து முடித்துக் குதிகாலைச் சேர்த்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "குடிச்சாச்சு சாப்" என்றார். அது மெசபடோமியாக் குரல்.

மிச்சம் இருந்ததைச் சுபேதார் குடித்தார். ஒரு வாய்க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

சம்பந்தி எழுந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கோபமாகவும் பேசவில்லை. பெரியப்பாவின் தோளில் கை வைத்து, "நீங்க மிலிட்டரியில இருந்தவருங்க. உங்க பழக்கம் உங்களோட இருந்துட்டுப் போவட்டும். பொண்ணு வரைக்கும் வராதுங்களே?" என்று சிரித்தபடி கேட்டார். வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கலாம். பெரியப்பா சேர்த்த குதிகாலைப் பிரிக்காமல் நின்றார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அண்டாவில் மொண்ட சொம்பு. சுபேதாரின் கையில் இருந்த வெறும் குவளையில் தண்ணீரை ஊற்றினாள். "வூட்டுக்காரங்களுக்கும் ஒரு வாய் உண்டுதானுங்களே" என்றாள்.

சுபேதார் கொடுக்கவில்லை. "யோசிச்சுக்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

"யோசிச்சுட்டேனுங்க."

அவள் வாய் வைத்துக் குடித்தாள். ஒரு வாய்தான் கணக்கு, அவள் இரண்டு மூன்று மடக்குக் குடித்தாள் என்று நினைக்கிறேன். தண்ணீர் கொஞ்சம் தாவணியில் சிந்தியது. பிறகு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அன்று மாலை துணிமணிக்கு அடியில் போட்டோவைத் தேடினேன். அங்கே இல்லை.

சம்பந்தி தனக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்று சொல்லி, இலையில் உட்காராமல் புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பெரியப்பா வாசலில் நின்றார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சுபேதார் தன் கையால் எல்லோருக்கும் களி உருண்டை வைத்தார். பெரியம்மா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஜாதகத்தில் ஏதோ பொருத்தம் சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். முதலில் பார்த்தபோது அந்த ஜாதகத்தில் எல்லாமே பொருந்தியிருந்தது. பெரியம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா பெரியப்பாவோடு ரொம்ப நாள் பேசவில்லை, பேச வேண்டியதை என் மூலம் சொல்லி அனுப்பினார். சொந்தக்காரர்களில் சிலர் வந்தால் தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தோம் என்றார்கள். திறக்காத பாட்டில்களை ஒவ்வொன்றாக நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். அக்கா சாதாரணமாகத்தான் இருந்தாள். மெசபடோமியாக் கதையைப் பெரியப்பா ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். அவரும் கொஞ்ச நாளில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். இரண்டு போரிலும் தாக்குப்பிடித்த பட்டாலியன் எங்கள் கூடத்தில் அப்படி அமைதியானது எனக்குப் பொறுக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை நானாகவே கூட்டிப் பார்த்துக்கொண்டேன். சம்பந்திக்கு வயிறு சரியில்லை. வயிறு கெடுவது அழுக்குப் பாத்திரத்தால். அவர் அந்தக் குவளையில் குடிக்கவே இல்லையே என்பது கொஞ்சம் இடித்தது. ஆனால் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை, காற்றிலும் பரவும் என்று பாடத்தில் இருந்தது. அந்தக் கறுப்புத் திட்டுகளை அவர் பார்த்திருக்கிறார், அருவருப்பாகியிருக்கிறது. நான் இன்னும் அழுத்தித் தேய்த்திருந்தால் அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்கள்.

அடுத்த வருடம் தண்ணி நாள் சுபேதார் வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து பெரியப்பாவும் அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அக்காவை யாரும் கூப்பிடவில்லை, அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். காலனியில் அவருடைய வீடு சின்ன ஓட்டு வீடு. குவளையை ஏற்கெனவே கழுவி முற்றத்தில் ஒரு ஸ்டூல்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். இந்தத் தடவை தயாராக வந்திருந்தேன். வீட்டிலிருந்தே சாம்பலைக் காகிதத்தில் மடித்து, புது நாரும் கொண்டுவந்திருந்தேன். பெரிய திட்டாகப் பார்த்துப் பிடித்து, கை வலிக்கிற வரை தேய்த்தேன். அது இன்னும் கறுப்பாகத்தான் ஆனது.

சுபேதார் வந்து பக்கத்தில் குந்தினார். "இன்னிக்கு யாரு அழுக்குன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

அவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. போன தடவை ஆட்சேபம் சொல்லாமல் குவளையைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். "இந்தக் கறுப்பு மட்டும் போயிட்டா அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடும் தாத்தா" என்றேன்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் குனிந்து என் கையிலிருந்து நாரை வாங்கித் தூரப் போட்டாள். "வுடு பாப்பா. அது அழுக்கு இல்ல" என்றாள். அழுக்கு இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்டேன். அவள் சுபேதாரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். அக்கா குவளையை அலசி அவர் கையில் கொடுத்தாள், உள்ளே வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நான் முடித்திருப்பேன்.